தின் கிளையன்டா, சீரோ கிளையன்டா? எமது நிறுவனங்கள் தெரிவு செய்யும் முன் அறிய வேண்டியவை

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. எமது பகுதியில் பாடசாலைகள், மாதர் சங்கங்கள், நூலகங்கள், மீள்குடியேற்றக் காலத்தில் தொண்டு நிறுவனங்களிடமிருந்து கணினிகளைப் பெற்ற சமூக நிலையங்கள் என்று பல இடங்களில் இருப்பவை விண்டோஸ் 11 ஐ ஏற்காத பழைய பெட்டிகளே. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணினிகளில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் அடங்கும். அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி எழும்போதெல்லாம் விற்பனையாளர்கள் முன்வைக்கும் விடைகளில் ஒன்று, "எல்லாவற்றையும் ஒரு சேவருக்குள் கொண்டுவந்துவிடுங்கள், மேசையில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் போதும்" என்பதாகும்.

நான் இறக்காமத்தில் கணினி திருத்தும் தொழில் செய்பவன். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை, தமிழ்க் கிராமம், முஸ்லிம் கிராமம் என்ற பேதமில்லாமல், பல நிறுவனங்களின் கணினி அறைகளுக்குள் போய் வந்திருக்கிறேன். இந்தச் சின்னப் பெட்டிகளைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இதில் பணம் மட்டும் சம்பந்தப்பட்டிருக்கவில்லை. போரிலும் சுனாமியிலும் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் என்று எல்லாவற்றையும் இழந்து, பின்னர் ஒவ்வொரு கடதாசியாக மீண்டும் சேர்த்த மக்கள் நாங்கள். அந்தக் கடதாசிகளின் ஸ்கேன் பிரதிகள் எந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன என்பது எங்களுக்குத் தொழில்நுட்பக் கேள்வி மாத்திரமல்ல.

இரண்டும் என்ன?

சாதாரண மேசைக்கணினியில் செயலி, நினைவகம், வன்தட்டு, இயங்குதளம், மென்பொருள், கோப்புகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். மெய்நிகர் மேசைக்கணினி முறையில் இவை அனைத்தும் ஓர் அறையில் உள்ள சேவர் கணினியில் இருக்கும். பயனாளரின் மேசைக்கு வருவது திரைப்படம் மட்டுமே. அவர் தட்டும் எழுத்தும் மவுஸ் அசைவும் கேபிள் வழியாகச் சேவருக்குப் போகின்றன. அதனால் மாறிய திரை திரும்பி வருகிறது.

மேசையில் இருக்கும் பெட்டிக்குத்தான் இந்த இரண்டு பெயர்களும். தின் கிளையன்ட் என்பது மெலிந்த ஒரு கணினி. அதற்குள் சிறிய செயலியும், சிறிய நினைவகமும், ஓர் இலகுவான இயங்குதளமும் உண்டு. எச்பி நிறுவனத்தின் தின்புரோ, டெல் வைஸ் பெட்டிகளில் வரும் தின்ஓஎஸ், ஜெர்மனியின் ஐஜெல் ஓஎஸ், விண்டோஸின் ஐஓடி பதிப்பு ஆகியவை இவ்வகை இயங்குதளங்கள். சேவருடன் பேசுவதற்கான பல மொழிகள், அதாவது இணைப்பு நெறிமுறைகள், இதற்குத் தெரியும். மைக்ரோசொப்டின் ஆர்டிபி, சிட்ரிக்ஸின் எச்டிஎக்ஸ், ஹொரைசன் மென்பொருளின் பிளாஸ்ட் ஆகியவை அவற்றுட் சில.

சீரோ கிளையன்ட் என்பதில் பொதுவான இயங்குதளம் எதுவும் இல்லை. ஒரு குறிப்பிட்ட நெறிமுறையை மட்டும் புரிந்துகொள்ளும் சிப் ஒன்றே உள்ளே இருக்கும். கனடாவில் 2004 இல் தொடங்கப்பட்ட டெராடிசி நிறுவனம் தயாரித்த டெரா வகைச் சிப்புகள் இதற்குச் சிறந்த உதாரணம். அவை பிசிஓஐபி என்ற நெறிமுறையை மட்டுமே பேசும். ஆனால் அந்த ஒன்றை மிக வேகமாகவும் தெளிவாகவும் பேசும்.

சுருக்கமாகச் சொன்னால், தின் கிளையன்ட் பல மொழி தெரிந்த ஒரு சாதாரண ஊழியர். சீரோ கிளையன்ட் ஒரே மொழியில் மட்டும் புலமை பெற்ற ஊழியர். அந்த மொழி வழக்கொழிந்தால் அவருக்கு வேலையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். லினக்ஸ் உள்ள சாதாரணத் தின் கிளையன்டையும் "சீரோ கிளையன்ட்" என்று பெயர் போட்டு விற்கிறார்கள். அட்டைப் பெட்டியில் உள்ள பெயரை நம்ப வேண்டாம். உள்ளே இயங்குதளம் இருக்கிறதா, எத்தனை நெறிமுறைகள் தெரியும் என்ற இரண்டையும் கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும்.

இது புதிய விடயமா?

இல்லை. தமிழ்நாட்டில் அகதி வாழ்க்கை வாழ்ந்தவர்கள் ரயில் முன்பதிவு நிலையக் கவுண்டர்களில் இருந்த திரைகளைப் பார்த்திருப்பார்கள். இந்திய ரயில்வே 1980 களின் நடுப்பகுதியில் டில்லியில் தொடங்கிப் பின்னர் பிற நகரங்களுக்கும் விரித்த முன்பதிவு முறையில், கவுண்டரில் இருந்தது வெறும் திரையும் கீபோர்டும்தான். கணக்கு முழுவதும் மத்திய கணினியில் நடந்தது. 1978 இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி 100 போன்ற முனையங்கள் உலகம் முழுவதும் இப்படித்தான் வேலை செய்தன.

1999 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் சன் ரே என்ற பெட்டியை அறிமுகம் செய்தது. ஓர் அட்டையைச் செருகினால் உங்கள் மேசை திறக்கும். அட்டையைக் கழற்றி அடுத்த அறையில் செருகினால் அதே மேசை, விட்ட இடத்திலிருந்து, அங்கே தொடரும். உள்ளே சேமிப்பு எதுவும் இல்லை. 2010 இல் ஒரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கியது. 2013 இல் அந்தத் தயாரிப்பைக் கைவிடும் முடிவு வெளியானது. நல்ல பொருள்தான், ஆனால் அதன் நெறிமுறை ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது.

கல்வித்துறையிலும் பெரிய முயற்சிகள் நடந்தன. 2007 இல் மசிடோனியா அரசு தன் பாடசாலைகளுக்காக என்கம்பியூட்டிங் நிறுவனத்தின் 180,000 இருக்கைகளை உபுண்டு லினக்ஸுடன் சேர்த்துத் தெரிவு செய்தது. அதில் ஒரு கணினியை ஏழு மாணவர் வரை பகிர்ந்துகொள்ளலாம். அடுத்த ஆண்டு இந்தியாவின் ஆந்திரப் பிரதேசம் 5,000 பாடசாலைகளுக்கு அதே நிறுவனத்தின் பெட்டிகளைத் தெரிவு செய்தது. செலவையும் மின்சாரத்தையும் குறைப்பதே இரு இடங்களிலும் நோக்கம்.

இலங்கையில் 2000 களின் நடுப்பகுதியில் தொடங்கிய நெனசல நிலையங்கள் சாதாரண மேசைக்கணினிகளை நம்பியே கிராமங்களுக்கு வந்தன. அத்திட்டம் 2014 இல் பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் கற்றலுக்கான அணுகல் விருதைப் பெற்றது. கிராமத்துக்குக் கணினி வருவது பாதி வேலை. பத்து வருடம் கழித்தும் அது ஓடிக்கொண்டிருப்பதே மீதிப் பாதி. தின், சீரோ என்ற தெரிவை நான் எப்போதும் இந்த மீதிப் பாதியை வைத்தே பார்க்கிறேன்.

எமது மண்ணில் எடைபோட வேண்டியவை

மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி முழு நாடும் இருளில் மூழ்கியது. இருபது இருக்கைகள் கொண்ட ஓர் அறையைக் கணக்கெடுப்போம். மேசைக்கணினி ஒன்றுக்கு 60 வாட், மொனிட்டருக்கு 18 வாட் என்று வைத்தால் மொத்தம் 1,560 வாட். அதே அறையில் பெட்டி ஒன்றுக்கு 10 வாட், மொனிட்டருக்கு அதே 18 வாட், சேவருக்கு 250 வாட் என்றால் மொத்தம் 810 வாட். நாளுக்கு 8 மணித்தியாலம், மாதம் 25 நாள் ஓடினால் முதலாவது 312 அலகு, இரண்டாவது 162 அலகு. மாதம் 150 அலகு மிச்சம். தின், சீரோ இரண்டுக்குமிடையில் இந்த விடயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே மேசைக்கணினியை வெல்லும்.

ஆனால் யூபிஎஸ் விடயத்தில் கவனம் தேவை. சேவருக்கு யூபிஎஸ் கொடுப்பவர்கள் பலர், அதற்கும் மேசைக்கும் நடுவில் இருக்கும் நெட்வேர்க் சுவிட்சுக்குக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள். சுவிட்ச் அணைந்தால் இருபது திரையும் ஒன்றாக உறையும். மேசைகளுக்கு யூபிஎஸ் இல்லாவிட்டாலும் வேலை அழியாது என்பது இம்முறையின் பெரிய நன்மை. மின்சாரம் திரும்பியதும் அரைகுறையாகத் தட்டிய கடிதம் சேவரில் அப்படியே இருக்கும்.

தூசியும் உப்பும். நெல் அறுவடைக் காலத்தில் இறக்காமத்தில் ஒரு கணினியைத் திறந்தால் மின்விசிறி தெரியாது, வைக்கோல் தூசியே தெரியும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. பெரும்பாலான தின் கிளையன்டுகளுக்கும் சீரோ கிளையன்டுகளுக்கும் விசிறி இல்லை. இதனாலேயே அவை சாதாரணக் கணினியைவிட நீண்ட காலம் தாங்குகின்றன.

தமிழ். எழுத்துருவும் விசைப்பலகை மென்பொருளும் சேவரில் ஒருமுறை நிறுவப்பட்டால் போதும். பழைய பாமினிக் கோப்புகளைத் திறக்க வேண்டியவரும், யுனிகோடில் தட்டுபவரும் எந்த மேசையில் அமர்ந்தாலும் ஒரே மாதிரியாக வேலை செய்யலாம். "அந்தக் கணினியில் தமிழ் வராது" என்ற பேச்சே இருக்காது.

யூஎஸ்பி சாதனங்கள். இங்கேதான் பலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஸ்கேனர், விரலடையாளக் கருவி, ரசீது அச்சிடும் சிறு பிரிண்டர், வெப்கேமரா ஆகியவை பெட்டியில் செருகப்பட்டாலும் அவற்றின் டிரைவர் சேவரில் இருக்க வேண்டும். தின் கிளையன்ட் இதில் ஓரளவு வளைந்து கொடுக்கும். உள்ளே இயங்குதளம் இருப்பதால் சில சாதனங்களை அதுவே கையாளும். சீரோ கிளையன்டில் சிப் தயாரித்தவர் அனுமதித்தவை மட்டுமே வேலை செய்யும். ஸ்கேன் செய்வதே முக்கிய வேலையாக உள்ள அலுவலகம், உங்கள் சொந்த ஸ்கேனரை எடுத்துச் சென்று செருகிப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது.

வீடியோ. கடிதம், கணக்கு, இணையம் என்பவற்றுக்கு எந்தப் பெட்டியும் போதும். ஆனால் சூம் வகுப்பு, யூடியூப் பாடம் என்று வந்தால் ஒவ்வொரு அசைவும் சேவரில் உருவாகிப் படமாக வர வேண்டும். டெராடிசி சிப் கொண்ட உண்மையான சீரோ கிளையன்ட் இதில் வல்லது. படத்தயாரிப்புக் கூடங்களும் பொறியியல் வரைபட நிறுவனங்களும் அதை நாடியது இதற்காகவே. எனினும் அதன் மறுமுனையில் விலை உயர்ந்த மென்பொருளோ, விசேட அட்டை பொருத்திய கணினியோ வேண்டும். நல்ல தின் கிளையன்ட், வீடியோவைத் தானே விரித்துக் காட்டும் வசதியை சில நெறிமுறைகளில் கொண்டுள்ளது.

இணையம். சேவர் உங்கள் கட்டிடத்திலேயே இருந்தால் இணையம் அறுந்தாலும் வேலை நடக்கும். சேவர் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ வாடகைக்கு இருந்தால், எமது பக்கம் ஒரு ஃபைபர் கேபிள் அறுந்த அன்று அலுவலகத்துக்கு விடுமுறை. மைக்ரோசொப்ட் 2024 நவம்பரில் அறிவித்த விண்டோஸ் 365 லிங்க் என்ற 349 டொலர் பெட்டி இந்த வகையைச் சேர்ந்தது. எதையும் உள்ளே சேமிக்காத அழகான பெட்டி; ஆனால் மாதச் சந்தாவும் அறாத இணையமும் இல்லாமல் அது எதற்கும் உதவாது.

நிறுவனம் கைமாறினால் பெட்டிக்கு என்ன ஆகும்?

பிசிஓஐபி கதையைப் பாருங்கள். 2009 இல் விஎம்வெயார் நிறுவனம் அந்த நெறிமுறையைத் தன் மெய்நிகர் மேசைக்கணினி மென்பொருளில் சேர்த்தது. சீரோ கிளையன்ட் பரவியது அதன் பின்னர்தான். 2016 இல் அதே விஎம்வெயார், பிளாஸ்ட் எக்ஸ்ட்ரீம் என்ற தன் சொந்த நெறிமுறையை முன்னிறுத்தியது. 2021 இல் டெராடிசியை எச்பி வாங்கியது. 2023 நவம்பரில் விஎம்வெயாரை புரோட்கொம் வாங்கி, நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. 2024 இல் மெய்நிகர் மேசைக்கணினிப் பிரிவு தனியாக விற்கப்பட்டு ஒம்னிசா என்ற புதுப் பெயர் பெற்றது. இந்த மாற்றங்களில் ஒன்றும் மேசையில் இருந்த சீரோ கிளையன்டைக் கேட்டு நடக்கவில்லை. பிளாஸ்டுக்கு மாற விரும்பியவர் தின் கிளையன்ட் வைத்திருந்தால் ஒரு மென்பொருள் புதுப்பிப்புடன் மாறினார். பிசிஓஐபி சிப் மட்டுமுள்ள பெட்டி வைத்திருந்தவருக்கு அந்த வழி இருக்கவில்லை.

எமது மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பெயர் வேண்டாம். ஒரு நிலையத்துக்குத் திட்ட நிதியில் பகிர்வுப் பெட்டிகள் மொத்தமாக வந்தன. சில வருடங்களில் சேவராக இருந்த கணினி பழுதானது. புதிதாக வாங்கிய கணினியின் விண்டோஸில் அந்தப் பெட்டிகளின் பழைய மென்பொருள் நிறுவப்படவில்லை. புதிய பதிப்புக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். திட்டமோ எப்போதோ முடிந்திருந்தது. நான் போய்ப் பார்த்தபோது பெட்டிகள் ஒன்றிலும் பழுதில்லை. ஆனாலும் அலுமாரிக்குள் பொலித்தீன் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் கரும்பலகையில் நடந்தது.

ஆகவே என் முதல் விதி இதுதான்: நிதி ஒருமுறை மட்டும் வரும் நிறுவனம், ஒரே நெறிமுறை பேசும் பெட்டியை வாங்கக் கூடாது. ஆண்டுதோறும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் ஒதுக்கக்கூடிய வங்கி, வைத்தியசாலை, பெரிய நிறுவனம் போன்றவற்றுக்கே சீரோ கிளையன்ட் பொருந்தும்.

தரவு எங்கே இருக்கிறது?

எமது வாசகர்கள் பலருக்கு இதுவே மிக முக்கியமான பகுதி. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்ப விபரங்கள், காணி அனுமதிப்பத்திரப் பிரதிகள், பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் பதிவுகள் ஆகியவற்றை வைத்திருக்கும் சிறு அமைப்புகள் வடக்கிலும் கிழக்கிலும் நிறைய உண்டு. ஒரு மேசைக்கணினி களவு போனாலோ, எவராவது வந்து எடுத்துச் சென்றாலோ, வன்தட்டோடு அந்தப் பெயர்களும் போய்விடும். போர்க்காலத்தில் ஒரு பெயர்ப்பட்டியல் தவறான கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை இங்கே நான் விளக்கத் தேவையில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிறருடைய தரவை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்கிறது.

மேசையில் எதுவும் இல்லாத முறை இதற்கு ஒரு பாதுகாப்பு. சீரோ கிளையன்டைத் திருடிச் சென்றவருக்குக் கிடைப்பது ஒரு சிப்பும் சில இணைப்பு அமைப்புகளும்தான். தின் கிளையன்டில் சிறிய சேமிப்பு இருப்பதால், கடவுச்சொல்லை நினைவில் வைக்கும் வசதியை அணைக்க வேண்டும். விண்டோஸ் ஐஓடி உள்ள பெட்டியென்றால், எழுதியவற்றை மறு இயக்கத்தில் அழித்துவிடும் வடிகட்டியை இயக்கி வைக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் இரண்டுக்குமுள்ள இடைவெளி மிகவும் சுருங்கிவிடும்.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு மறுபக்கம் உண்டு. இருபது பெட்டிகளில் சிதறியிருந்த ஆபத்து இப்போது ஒரு பெட்டியில் குவிகிறது. 2023 ஆகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசின் மேகக்கணினி மீது நடந்த கப்பம் கோரும் தாக்குதலை நினைவுபடுத்துகிறேன். ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவு மீளக் கிடைக்கவில்லை, ஏனெனில் அந்தக் காலப்பகுதிக்கான காப்புப் பிரதி தனியாக வெளியே வைக்கப்பட்டிருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடங்கும். நாட்டின் அரசாங்கத்துக்கே நடந்தது, எமது சங்கத்துக்கு நடக்காது என்று இருக்க முடியாது.

எனவே சேவர் வாங்கும் பணத்திலேயே இவற்றையும் சேர்த்து வையுங்கள்:

சேவருக்குள் இரண்டு எஸ்எஸ்டி வட்டுகள், ஒன்றின் பிரதியாக மற்றது. ஒன்று செத்தாலும் வேலை நிற்காது.

இரண்டு வெளி வன்தட்டுகள். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது. பிரதி எடுத்து முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும். செருகியபடியே இருந்தால் தாக்குதல் அதையும் பிடிக்கும். ஒன்று எப்போதும் வேறு ஊரில் இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் இலங்கையிலேயே மிகக்கூடிய உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் எமது அம்பாறை. கரையோரத்தில் வைத்த பிரதி கரையோரத்தோடு போகும். கல்முனை நிறுவனம் தன் பிரதியை இறக்காமத்திலோ கண்டியிலோ நம்பிக்கையான ஒருவரிடம் வைக்கலாம்.

அந்த வன்தட்டுகள் குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். பிட்லொக்கர், வெராகிரிப்ட், லினக்ஸின் லக்ஸ் ஆகிய மூன்றில் எதுவும் போதும். திறப்புச் சொல்லை இருவர் அறிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஏதும் நேர்ந்தால் மற்றவர் திறப்பார்.

சேவர் தரையில் இருக்கக் கூடாது. எமது பகுதியின் மாரிகால வெள்ளம் பற்றி யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. மாடி இல்லையென்றால் மேசை உயரத்துக்கு மேலே ஒரு பூட்டிய அலுமாரி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பழைய கோப்பைப் பிரதியிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பக் கூடாது.

சேவரும் உரிமமும்

பெட்டியின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பின்னர் சேவரின் விலையைக் கண்டு திகைக்கிறார்கள். இங்கே இரு வழிகள் உண்டு. ஒரே விண்டோஸ் சேவரில் இருபது பேர் தனித்தனி அமர்வாக நுழைவது ஒரு வழி. ஆளுக்கு 2 ஜிபி நினைவகம் என்று கணக்கிட்டு, சேவரின் தேவைக்கும் சேர்த்தால் 64 ஜிபி வாங்குவது வசதி. இருபது பேருக்கும் இருபது முழு மெய்நிகர் கணினிகளைக் கொடுப்பது மற்ற வழி. விண்டோஸ் 11 க்குக் குறைந்தது 4 ஜிபி வேண்டும். ஆகவே 80 ஜிபி அங்கேயே போய்விடும், 128 ஜிபி வாங்க வேண்டிவரும். கடித வேலைக்கு முதலாவது வழியே தாராளம்.

விண்டோஸ் சேவரில் ஒவ்வொரு பயனாளருக்கும் அல்லது பெட்டிக்கும் தொலை அணுகல் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் 120 நாள் ஓடும், பிறகு கதவு மூடும். "விண்டோஸ் 11 இலேயே இருபது பேரை இணைத்துத் தருகிறேன்" என்று எவராவது சொன்னால் விலகிக்கொள்ளுங்கள். மேசைக்கணினிப் பதிப்பு ஒரு நேரத்தில் ஒருவருக்கே உரியது. அதை முறித்துக் கட்டிய அமைப்பு ஒரு புதுப்பிப்போடு விழுந்துவிடும். மைக்ரோசொப்ட் பாடசாலைகளுக்காகவே 2010 இல் கொண்டுவந்த மல்டிபொயின்ட் சேவரும் பின்னர் கைவிடப்பட்டது என்பதையும் மனதில் வையுங்கள்.

மூன்றாவது வழி

தின், சீரோ என்ற இரண்டில் ஒன்றை வாங்கியே ஆகவேண்டும் என்றில்லை. விண்டோஸ் 11 ஐ ஏற்காத உங்கள் பழைய கணினிகளே தின் கிளையன்டாக மாறலாம். எல்டிஎஸ்பி என்ற லினக்ஸ் முனையத் திட்டம் 1999 முதல் இருந்து வருகிறது. இலவசமானது. 2019 இல் புதிதாக எழுதப்பட்ட அதன் பதிப்பில், வன்தட்டே இல்லாத கணினி நெட்வேர்க் வழியாகச் சேவரிலிருந்து இயங்குதளத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் மென்பொருள் ஓடுவது அந்தப் பழைய கணினியின் சொந்தச் செயலியில்தான். அதனால் சேவர் மிகப் பலமாக இருக்கத் தேவையில்லை, வீடியோவும் தடங்கலின்றி ஓடும். கோப்புகள் மட்டும் சேவரில் தங்கும். எபொப்டிஸ் என்ற துணை மென்பொருளால் ஆசிரியர் எல்லா மாணவரின் திரையையும் தன் மேசையிலிருந்து பார்க்கலாம்.

மின்சாரச் சேமிப்பு இதில் இல்லை, விசிறியும் தூசியும் தொடரும் என்பன குறைகள். ஆயினும் பழைய பெட்டி ஒவ்வொன்றாகச் சாகும்போது அந்த இடத்தில் ஒரு தின் கிளையன்டையோ ராஸ்பெரி பை வகைச் சிறு கணினியையோ வைத்து, சில வருடங்களில் மெதுவாக மாறிக்கொள்ளலாம். என்கம்பியூட்டிங் நிறுவனமே பின்னாளில் தன் ஆர்எக்ஸ் 300 பெட்டியை ராஸ்பெரி பை மீது கட்டியது என்பது, பொது வன்பொருளின் பக்கம் காற்று வீசுவதைக் காட்டுகிறது.

யாருக்கு எது?

ஐந்தாறு இருக்கைகளுக்குக் குறைவான அலுவலகம்: எதுவும் வேண்டாம். பற்றரி உள்ள பாவித்த மடிக்கணினிகளும் ஒரு பகிர்வுக் கோப்பகமும் போதும். சேவரின் செலவும் தலையிடியும் இந்த அளவுக்குக் கட்டுப்படியாகாது.

பாடசாலைக் கணினி அறை: பழைய கணினிகளில் எல்டிஎஸ்பி. பாடத்திட்டம் விண்டோஸைக் கட்டாயம் கேட்டால் பல நெறிமுறை பேசும் தின் கிளையன்டும் அமர்வு முறைச் சேவரும்.

ஆவணங்களைப் பேணும் சமூக அமைப்பு: தின் கிளையன்ட், பூட்டிய அறையில் சேவர், வேறு ஊரில் குறியாக்கம் செய்த பிரதி. ஸ்கேனரைச் சோதித்த பின்னரே கொள்வனவு.

பல கிளைகளும் பராமரிப்பு நிதியும் கொண்ட நிதி நிறுவனம் அல்லது வைத்தியசாலை: சீரோ கிளையன்டைப் பரிசீலிக்கலாம். மேசையில் புதுப்பிக்க ஏதுமில்லை என்பது நூற்றுக்கணக்கான இருக்கைகளில் பெரிய நிம்மதி. ஒப்பந்தத்தில் நெறிமுறையின் ஆதரவு முடியும் ஆண்டு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் உதவி பெறும் நிறுவனம்: ஐரோப்பிய, கனேடிய அலுவலகங்கள் கழிக்கும் பாவித்த தின் கிளையன்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். லினக்ஸ் நிறுவக்கூடிய, சாதாரண இன்டெல் அல்லது ஏஎம்டி செயலி கொண்ட மாதிரியை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். பிசிஓஐபி மட்டும் பேசும் பெட்டி இலவசமாக வந்தாலும் வேண்டாம். அதன் மறுமுனைக்குத் தேவையானதை நாம் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை ஐந்து. உள்ளே எந்த இயங்குதளம்? எத்தனை நெறிமுறைகள்? பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை? உங்கள் நிறுவனம் மூடப்பட்டால் வேறு மென்பொருளோடு இது வேலை செய்யுமா? எங்கள் ஸ்கேனரையும் பிரிண்டரையும் இப்போதே செருகிப் பார்க்கலாமா? இந்த ஐந்துக்கும் எழுத்தில் விடை தருபவரிடம் வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு இரண்டு பெட்டிகளைச் சோதனைக்குத் தரச் சொல்லுங்கள். அந்த வாரத்தில் உங்கள் அலுவலகத்தில் மிகவும் பொறுமை குறைந்தவரை ஒரு பெட்டியிலும், ஆவணங்களை ஸ்கேன் செய்பவரை மற்றதிலும் அமர்த்துங்கள். ஒரு நாள் வேண்டுமென்றே மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். மின்சாரம் திரும்பியதும் அவர்களின் வேலை விட்ட இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்த பின்னர், கொள்வனவுப் பத்திரத்தில் கையொப்பமிடலாம்.